ராமர் காசு, யானைக் காசு, தாத்தா மெடல்: பழைய காசு வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

எங்க தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் யாராவது குரல தாழ்த்தி "ஒரு பழைய காசு கெடச்சிருக்குது, கோடில போகுமாம்"னு சொன்னா, பெரும்பாலும் அது எந்தக் காசுன்னு பாக்காமலே சொல்லிடலாம். செம்பு இல்லன்னா பித்தள, கொஞ்சம் பெரிய சைசு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், சீதை லட்சுமணன் அனுமார் எல்லாரும் நிப்பாங்க, இன்னொரு பக்கம் இங்கிலீஷ்ல ஈஸ்ட் இந்தியா கம்பெனின்னு கொட்ட எழுத்து, நடுவுல ஹாஃப் அணா, கீழ 1818. சிலதுல 1616, சிலதுல 1717. ராமருக்கு பதிலா அனுமார் தனியா பறக்குறதும் உண்டு, சிவன் உக்காந்திருக்கிறதும் உண்டு.

இது காசே இல்லைங்க. டூப்ளிகேட் காசுன்னுகூட சொல்ல முடியாது, ஏன்னா டூப்ளிகேட்னா ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கணும் இல்லையா, இப்படி ஒரு ஒரிஜினல கம்பெனிக்காரன் எந்தக் காலத்துலயும் அடிக்கல. காசு சேக்குறவங்க இத ஃபேன்டசி பீஸ்னு சொல்லுவாங்க, அதாவது இல்லாத காச கற்பனையா அடிச்சு விக்கிறது. புதுசா இந்தப் பக்கம் வர்றவங்க மொதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இந்த ஒரு விசயத்ததான்: கையில இருக்குற பொருள யார் அடிச்சாங்க, எதுக்கு அடிச்சாங்கன்னு கேக்கணும். எவ்ளோ பழசு, என்ன வெல போகும்ங்கறதெல்லாம் அதுக்கப்புறம்.

யார் எதுக்குன்னு கேட்டா பொருள் தானா பிரிஞ்சுடும். அரசாங்கமோ ராஜாவோ (ஒரு காலத்துல கம்பெனியும்) கடைகண்ணில செலவு பண்றதுக்காக இவ்ளோ எடை இவ்ளோ மதிப்புன்னு முடிவு பண்ணி அடிச்சா அது காசு. கோயில், தேயிலை எஸ்டேட், மில் கேன்டீன் மாதிரி ஒரு தனி எடம் தன் வேலைக்காக அடிச்சா டோக்கன். போருக்குப் போனவனுக்கோ, ராஜா பட்டம் கட்டுன ஞாபகத்துக்கோ அடிச்சா மெடல், இதுல மதிப்பு எதுவும் போட்டிருக்காது, கடைல குடுத்து ஒண்ணும் வாங்க முடியாது. இது எதுலயும் சேராம, பழசு மாதிரி காட்டி உங்ககிட்ட விக்கிறதுக்குன்னே அடிச்சா அதுதான் நான் மேல சொன்ன ஃபேன்டசி.

இதுல குழப்பம் எங்க வருதுன்னா, ராமர் டோக்கன்னு நெசமாவே ஒண்ணு இருக்குது. ராம டங்கான்னு சொல்லுவாங்க, பூஜைல வைக்கிறதுக்கும் கோயிலுக்குப் போன ஞாபகத்துக்கும் அடிச்சது, தங்கம் வெள்ளி பித்தளைன்னு எல்லாத்துலயும் உண்டு, ஒரு பக்கம் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் ராமரும் லட்சுமணரும் வில்லோட நிக்கிறது. அதுலயும் வருசம்னு என்னத்தயோ போட்டிருப்பாங்க, அத நம்பி வயசு சொல்ல முடியாது. பழைய கை வேலையா இருந்தா அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது, ஆனா அது சாமி டோக்கன், எந்த ராஜாவும் சம்பளம் குடுத்த காசு கெடையாது. அந்த டோக்கன் படத்த எடுத்து கம்பெனி பேர ஒட்டி அணா போட்டதும் ஃபேன்டசி ஆயிடுது.

"அப்ப சாமி படம் இருந்தா கம்பெனி காசு இல்ல"ன்னு ரூல் போட்டுக்காதீங்க, அதுவும் தப்பு. மெட்ராஸ்ல கம்பெனி அடிச்ச வராகன்ல சாமி உண்டு. மூணு சாமி வராகன்னு சொல்ற சின்ன தங்கக் காசுல பெருமாள் ரெண்டு தேவியரோட இருப்பாரு, இன்னொரு பக்கம் பூரா புள்ளி புள்ளியா இருக்கும். ஸ்டார் பகோடான்னு (பகோடான்னா வராகனோட இங்கிலீஷ் பேரு) சொல்றதுல சாமிக்குப் பின்பக்கம் புள்ளிகளுக்கு நடுவுல ஒரு நட்சத்திரம். 1800களோட ஆரம்பத்துல வந்த வெள்ளி அரை வராகன், கால் வராகன் இன்னும் அழகு, ஒரு பக்கம் கோயில் கோபுரம் சுத்தி நட்சத்திரம், மறுபக்கம் பெருமாள், எழுத்து இங்கிலீஷ், பார்சி (பாரசீகம்), தமிழ், தெலுங்குன்னு நாலு பாஷைல. ஏன் இப்படி அடிச்சான்னா, நம்ம ஆளுங்க சாமி போட்ட வராகனத்தான் நம்பி வாங்கிப் பழகியிருந்தாங்க, வியாபாரம் பண்ண வந்தவன் ஊர் வழக்கத்த மாத்தாம அதையே அடிச்சுட்டான். ஆக, கம்பெனி வராகன்ல சாமி இருந்தா ஆச்சரியம் இல்ல. பெரிய செம்புக் காசு, அணா, ராமர் தர்பார் இந்த மூணும் ஒண்ணா வந்தா கீழ வச்சுடுங்க.

அந்த 1818ல மெட்ராஸ் பக்கம் கம்பெனியோட நெசமான செம்பு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் தெளிவாயிடும். அது அணாவே இல்ல, காசு. எக்ஸ் எக்ஸ் கேஷ்னு ரோமன் எழுத்துல போட்ட இருபது காசு, 1803லயும் 1808லயும் இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல மேத்யூ போல்டனோட சோஹோ மிண்ட்ல, அதாவது காசு அடிக்கிற ஆலைல, நீராவி மெஷின்ல அடிச்சு கப்பல்ல அனுப்புனது. ஒரு பக்கம் ரெண்டு சிங்கம் புடிச்சிருக்குற கம்பெனி முத்திரை, மறுபக்கம் பார்சி எழுத்து. சாமியும் இல்ல பூதமும் இல்ல, பாக்க சப்புன்னுதான் இருக்கும். ஆனா கதை என்னன்னா, 1808னு போட்ட பத்து காசும் இருபது காசும் ஏத்திக்கிட்டு மெட்ராஸுக்குக் கெளம்புன அட்மிரல் கார்ட்னர்ங்கற கப்பல் 1809 ஜனவரி புயல்ல இங்கிலாந்து கரையத் தாண்டறதுக்குள்ளயே குட்வின் மணல் திட்டுல மாட்டி முழுகிடுச்சு. 1980கள்ல அத தேடி எடுத்தாங்க, மணலுக்குள்ளயே கெடந்ததால பல காசு புது மெருகு போகாம வந்துச்சு. நம்ம தாத்தா பாட்டி காலத்துக்கும் முன்னாடி நம்ம ஊர் சந்தைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய காசு இன்னைக்கு உலகம் பூரா கவர்ல போட்டு விக்கிது. எனக்குக் கேட்டா கோடி ரூபா ராமர் காச விட இந்த கப்பல் காசுதான் வேணும்பேன்.

சரி, எங்க மண்ணுல நெசமாவே என்ன கெடைக்கும்? யானைக் காசு. 1792ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் போட்டு திப்பு பாதி ராஜ்ஜியத்தயும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் விட்டுக்குடுக்குற வரைக்கும் இந்த பாராமகால் (எங்க கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கத்தோட பழைய பேரு), கிருஷ்ணகிரி கோட்டை எல்லாம் பெரும்பாலும் மைசூர் கையிலதான் இருந்துச்சு. அதனால திப்புவோட செம்புக் காசு இங்க பழைய வீடுகள்ல, அடுக்குப் பானைல, மஞ்சத் துணி முடிச்சுல இருந்து வர்றதுல அதிசயமே இல்ல. ஒரு பக்கம் யானை, சிலதுல முதுகுக்கு மேல கொடி, மறுபக்கம் எந்த ஊர் அக்கசாலைல அடிச்சதுன்னு பார்சில பேர். வருசத்த பாத்தீங்கன்னா ஒரு வேடிக்கை இருக்குது, திப்பு 1787 வாக்குல மௌலூதின்னு ஒரு புது வருசக் கணக்கு கொண்டாந்தாரு, அதுக்கப்புறம் வந்த காசுல நம்பரயே வலமிருந்து இடமா எழுத வச்சுட்டாரு. 1216ன்னு இருக்க வேண்டியது 6121ன்னு தெரியும். தெரியாத ஆளு ஆறாயிரத்து சொச்சம் வருசமான்னு மெரண்டு போவான்.

ஓசூர் பக்கம் போனா இன்னும் கொஞ்சம் பின்னாடி வந்த மைசூர் ராஜா காசும் வரும், கன்னடத்துல மயிலி காசுன்னு எழுதி சிங்கம் போட்டது, மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தது. இது ரெண்டுமே சாதாரணமா கெடைக்கிற காசுங்கதான், லட்சம் கோடின்னு யாரும் தர மாட்டாங்க, ஆனா நூத்துக்கு நூறு ஒரிஜினல் சரித்திரம் கையில இருக்கும்.

இப்ப சந்தைக்கு வருவோம். போச்சம்பள்ளி ஞாயித்துக்கெழம சந்தை மாதிரி எடத்துல சாக்கு விரிச்சு பழைய பூட்டு, பித்தள வெளக்கு, உடைஞ்ச வாட்ச் எல்லாம் போட்டிருக்குற ஆளுகிட்ட ஒரு டப்பா காசு இருக்கும். "எடுங்கணா, ராமர் காசு, எரநூறு வருசம், சாமி ரூம்ல வச்சா காசு தங்கும்"பாரு. அவர திட்டிப் பிரயோஜனம் இல்ல, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அந்த டப்பால கைய விட்டு கீழ இருக்குறத கெளறுங்க. அழுக்கு புடிச்ச ஓட்டக் காலணா வரும், 1943ல இருந்து 1947 வரைக்கும் வந்தது, உலகப் போர்ல செம்புக்குத் தட்டுப்பாடுன்னு நடுவுல ஓட்டய போட்டு மிச்சம் புடிச்சாங்க. தாமரை போட்ட மஞ்ச இருபது பைசா வரும், 1968ல வந்தது, தங்கம் கலந்திருக்குதுன்னு ஊரே பேசிச்சு, உள்ள தங்கம் ஒரு துளியும் கெடையாது. எப்பயாவது வெள்ளி ரூபாயும் மாட்டும்.

வெள்ளி ரூபாய்னா மட்டும் கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா இங்கதான் வார்ப்படத்துல ஊத்துன போலி நெறைய. பழைய ரூபாய் எடை ஒரு தோலா, 11.66 கிராம். நகைக்கடைல கேட்டா தராசுல வச்சுக் காட்டிடுவாங்க, இல்லன்னா சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு பாக்கெட்லயே வச்சுக்கலாம். தேஞ்ச காசு கொஞ்சம் கொறையும், அதுக்காக ரெண்டு கிராம் கொறையாது. அப்புறம் லென்ஸ் வச்சு எழுத்துப் பக்கத்துல பாருங்க, அச்சுல அடிச்ச காசுல தரை வழவழன்னு இருக்கும், எழுத்து ஓரம் சுருக்குனு நிக்கும், ஊத்துன காசுல பொடிப் பொடியா குழி தெரியும், எழுத்து இட்லி மாதிரி கொழகொழன்னு இருக்கும், விளிம்புல ரெண்டு அச்சு சேந்த கோட்ட அரம் வச்சுத் தேச்சிருப்பான். காந்தம் வச்சா வெள்ளி ஒட்டாது. ஒட்டுனா உடனே போலின்னும் சொல்லிடாதீங்க, 1947ல வந்த புலி போட்ட ரூபாய் சுத்த நிக்கல், அது ஒட்டும், ஒட்டலன்னாதான் சந்தேகப்படணும்.

வருசமும் பேசும். விக்டோரியா ரூபாய்ல 1876 வரைக்கும் குயின்னு (ராணி) எழுதியிருக்கும், 1877ல இருந்து எம்ப்ரஸ்னு (பேரரசி). எம்ப்ரஸ்னு எழுதி கீழ 1862 போட்ட ரூபாய யாராவது நீட்டுனா சிரிச்சுட்டு வந்துடலாம். அதே 1862 குயின் ரூபாய் ஊர் ஊருக்குக் கெடைக்கும், காரணம் 1874 வரைக்கும் அடிச்சதுல எல்லாம் வருசத்த மாத்தாம 1862ன்னே போட்டுக்கிட்டிருந்தாங்க. 1939 ரூபாய் நெஜமாவே அபூர்வம், அதனாலதான் 1938ல இருக்குற எட்ட சொரண்டி ஒம்பதாக்கி விக்கிறாங்க. அந்தக் கடைசி நம்பர மட்டும் லென்ஸ்ல பாத்தா சுத்தி இருக்குற தரை கீறல் விழுந்து பள்ளமா தெரியும்.

விசித்திரமான ரூபாய்னா என் ஓட்டு 1911 பன்னி ரூபாய்க்குத்தான். அஞ்சாம் ஜார்ஜ் போட்டிருக்குற அங்கில ஒரு குட்டி யானை பதக்கம் தொங்கும், அச்சு வெட்டுனவன் தும்பிக்கைய குட்டையா விட்டுட்டதால அது பன்னி மாதிரி தெரிஞ்சு, முஸ்லிம் மக்கள் கோவப்பட்டு, அரசாங்கம் பயந்துபோய் அடிச்சு வச்சிருந்ததுல பெரும்பகுதிய வெளிய விடாம உருக்கிடுச்சு. 1912ல தும்பிக்கைய நல்லா நீட்டிவிட்டாங்க. அடுத்த தடவ அஞ்சாம் ஜார்ஜ் ரூபாய் கையில வந்தா மூஞ்சிய விட்டுட்டு நெஞ்சுக்குக் கீழ பாருங்க.

மெடலுக்கு வந்தா பாக்குற எடமே வேற. காசுல முகத்தையும் முதுகையும் பாப்போம், மெடல்ல விளிம்ப பாக்கணும். மொதல் உலகப் போருக்குப் போனவங்களுக்குக் குடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி, 36 மில்லிமீட்டர், ஒரு பக்கம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிர மேல ஒரு ஆளு, குதிரக் காலுக்குக் கீழ கழுகுக் கேடயம், 1914, 1918. பாக்குறவங்க அதோட நிறுத்திக்குவாங்க. அத செங்குத்தா புடிச்சு விளிம்ப வெளிச்சத்துல மெதுவா சுத்துனா சின்ன இங்கிலீஷ் எழுத்துல நம்பர், ரேங்க், ஆள் பேர், படைப்பிரிவு வரிசையா வரும். நம்ம பக்கத்து ஆளுங்கன்னா மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர்ஸ் மாதிரி பிரிவுகள் பேர் வரலாம். கூட்டமா அடிச்ச மெடல்தான், ஆனா அந்த விளிம்பு எழுத்தால ஒவ்வொண்ணும் ஒரு தனி ஆளோட பொருள் ஆயிடுது. விளிம்ப யாராவது தேச்சு பேர அழிச்சிருந்தா மதிப்பு பாதாளத்துக்குப் போயிடும். வெள்ளி வெல ஏறுறப்பல்லாம் இத உருக்குக் கடைல போட்டவங்க ஏராளம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்ததும் உண்டு. 1965 போருக்கு ரக்ஷா மெடல், 1971க்கு பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், சுதந்திரத்தோட 25வது வருசத்துக்கு ஒண்ணு. நம்ம மாவட்டத்துல பட்டாளத்துக்குப் போன குடும்பம் நெறைய, பீரோல துணி மடிப்புல கெடக்கும். தாத்தாவோட மெடல்னா ரிப்பனோட, அவரோட டிஸ்சார்ஜ் பேப்பரோட சேத்து வைங்க, பிரிச்சா ரெண்டுக்கும் அர்த்தம் கொறஞ்சுடும்.

மெடல்லயே எங்க ஏரியாவோட ஒட்டுன ஒண்ணு சொல்லணும்னா 1799 ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல். திப்பு விழுந்ததுக்குக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குக் குடுத்தது, பிரிட்டிஷ் சிங்கம் மைசூர் புலிய கீழ தள்ளி அமுக்குற மாதிரி இருக்கும். பதவிக்குத் தகுந்தபடி உலோகம், மேல இருக்குறவங்களுக்குத் தங்கம், அப்புறம் தங்க முலாம் பூசுன வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசில ஈயம் மாதிரி இருக்குற வெள்ளீயம். ஒரே போர், ஒரே படம், ஆனா உலோகத்துல ஏத்தத்தாழ்வ காட்டிட்டான் பாருங்க. இது சந்தைச் சாக்குல வராது, வந்தா பின்னாடி அடிச்ச நகலாத்தான் இருக்கும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான சமாச்சாரம். ரைஸ் புல்லர். அதே ராமர் காச காட்டி "இதுல இரிடியம் இருக்குது, இடி விழுந்த காசு, அரிசிய இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிங்க கோடி குடுத்து வாங்குவாங்க"ம்பாங்க. அரிசிக்கு இரும்புப் பொடிய தடவி, காசுக்குள்ளயோ அடிலயோ காந்தத்த வச்சா இழுக்காம என்ன பண்ணும். இரிடியம்ங்கறது ஸ்பார்க் பிளக்ல எல்லாம் போடுற ஒரு கெட்டியான உலோகம், அதுக்கும் அரிசிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, காந்தத்துல கூட ஒட்டாது. மொதல்ல காசு வாங்க வர்ற மாதிரி வந்து, டெஸ்டிங்குக்கு விஞ்ஞானி வரணும், அவருக்கு ஸ்பெசல் டிரெஸ் வேணும், அதுக்கு அட்வான்ஸ் கட்டுங்கன்னு வித்தவன்கிட்டயே பணத்த உருவிட்டுப் போயிடுவாங்க. நெலத்த வித்து குடுத்தவங்கள்லாம் இருக்காங்க. இதுல எனக்குப் புரியாத ஒண்ணு, பத்து ரூபாய் காசு செல்லாதுன்னு பஸ்ல சண்ட போடுற அதே ஆளுதான் 1818 அணாவ நம்புறாரு. ரிசர்வ் பேங்க் 2018லயே பத்து ரூபாய் காசு 14 டிசைனும் செல்லும்னு தெளிவா சொல்லிடுச்சு.

ஆன்லைன்ல வர்ற கூத்தும் இதே குடும்பம்தான். வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் 2012ல வந்தது, அதுக்கு லட்சம் தர்றோம், மொதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் பேங்க் லெட்டர்னு படிப்படியா கறப்பாங்க. பழைய காசு நோட்டு வாங்கல் விற்கல்ல எங்களுக்கு சம்பந்தமே இல்ல, கமிஷனும் கேக்கறதில்லன்னு ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்ல அறிக்கையே விட்டுச்சு. வாங்குறவன் உங்களுக்குப் பணம் தரணும், நீங்க அவனுக்குக் கட்ட வேண்டிய பணம்னு ஒண்ணு இருக்கவே முடியாது.

இப்ப ஓடுற காசுல தேடணும்னா வருசத்துக்குக் கீழ பாருங்க, டைமண்ட் இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணும் இல்லன்னா கொல்கத்தா. ஞாபகார்த்தக் காசுல ரெண்டு ரகம், கடைல புழங்குறது ஒண்ணு, மிண்ட்ல புக் பண்ணி வாங்குறது ஒண்ணு. தஞ்சாவூர் பெரிய கோயிலோட ஆயிரமாவது வருசத்துக்கு வந்த ஆயிரம் ரூபாய் காசு ரெண்டாவது ரகம், 80 சதவீதம் வெள்ளி, 35 கிராம். அத கடைல குடுத்து யாரும் அரிசி பருப்பு வாங்கப் போறதில்ல. அச்சு தவறி விழுந்த எரர் காசுக்கு ஒரு தனி கூட்டமே இருக்குது, ஆனா தண்டவாளத்துல வச்சு நசுக்குனது, பட்டறைல சுத்தியால தட்டுனது எல்லாம் எரர்னு விக்கிறாங்க, மிண்ட்ட விட்டு வெளிய வந்தப்புறம் ஆனது எரர்ல சேராது.

சட்டம் ரெண்டு வார்த்தை. தோட்டத்துல உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ புதையலா காசு கெடச்சா 1878ம் வருசத்து புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும், பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தாலே இது பொருந்தும். நூறு வருசத்துக்கு மேலான காசு தொல்பொருள், தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. என்ன காசுன்னு தெரிஞ்சுக்க கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துல காட்டிக் கேக்கலாம், அதுக்கு வெக்கப்பட வேண்டியதில்ல.

கடைசியா, தயவுசெஞ்சு கழுவாதீங்க. நம்ம ஆளுங்களுக்குப் பழைய செம்ப பாத்ததும் புளியும் சாம்பலும் கையில வந்துடும், வெள்ளின்னா விபூதி. நூறு வருசமா படிஞ்ச அந்தக் கறுப்புத் தோல் போயிடுச்சுன்னா சேக்குறவங்க தொடக்கூட மாட்டாங்க. மண்ணா இருந்தா சாதா தண்ணில ஊற வச்சு துணில ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வழவழன்னு இருக்குற பிளாஸ்டிக் கவர்ல போட்டா நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு ஆயிடும், அட்டைல நடுவுல ஓட்ட போட்ட ஹோல்டர் விக்கிது, வெல கம்மி, அதுல வச்சு பின் அடிச்சு ஓரத்துல எங்க வாங்குனது, யார்கிட்ட, எவ்ளோ குடுத்தோம்னு பேனால எழுதிடுங்க. பின் அடிக்கிறப்ப காச ஒட்டி அடிக்காம தள்ளி அடிங்க, இல்லன்னா அடுத்த தடவ திறக்கும்போது கம்பி முனை காசுல கோடு போட்டுடும்.